‘பி.டி. பீரியட்னா வயித்த வலிக்குது மிஸ்’: மைதானப் பயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 19 வருடமாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தன்று கணக்கு டீச்சர் முன்னால் வரிசை நிற்கும். என்னைத் தேடி வருகிறவர்கள் குறைவு. அப்படி வருகிறவர்களில் பலர், எல்லோரும் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்: பிள்ளை கிரவுண்டுக்குப் போகப் பயப்படுகிறது, என்ன செய்வது? கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பிள்ளைகள் என்னிடம் நேரடியாகக் கேட்டவையும் நடுவில் உண்டு.

"செவ்வாயும் வெள்ளியும் ஆனா வயிறு வலிக்குதுங்கறான். நெசமாவே வலிக்குதா, நடிக்கிறானா?"

நிஜமாகவே வலிக்கிறது. பயம் வந்ததும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். ரத்தம் வயிற்றை விட்டுக் கை கால் தசைகளுக்குத் திரும்புவதால் வயிறு பிசையும், குமட்டும், சிலருக்கு அடிக்கடி சிறுநீர் வரும். நாய் துரத்தினால் நமக்கு நடப்பதுதான் பி.டி. பீரியடை நினைத்ததும் அந்தப் பிள்ளைக்கு நடக்கிறது. "நடிக்காதே" என்று சொன்னால் வலியோடு அவமானமும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு நோட்டில் மூன்று வாரம் குறித்துப் பாருங்கள்: எந்த நாள், எத்தனை மணி, அன்று பள்ளியில் என்ன. ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். அவன் அம்மா குறித்து வந்த நோட்டில் வலி வந்தது எல்லாம் பி.டி. இருந்த இரண்டு நாளில் மட்டுமே. காலாண்டு விடுமுறை முழுக்க ஒருநாள்கூட வலி இல்லை. அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அதுவரை நானும் அவனைச் சோம்பேறி என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பையன் கீழேயும் வருவான்.

"பயமா சோம்பேறித்தனமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

தெருவில், சித்தப்பா பிள்ளைகளோடு, மொட்டை மாடியில் ஓடியாடுகிறதா என்று பாருங்கள். அங்கே ஓடுகிற பிள்ளை பள்ளி மைதானத்தில் மட்டும் ஒதுங்கினால் அது சோம்பேறித்தனம் இல்லை. முதல்நாள் இரவே "நாளைக்கு பி.டி. இருக்கா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்பது, பி.டி. உடுப்பை வேண்டுமென்றே மறந்துவிட்டுப் போவது, ஷூ கடிக்கிறது என்பது எல்லாம் பயத்தின் தடயங்கள்.

"எதுக்குப் பயம்னு கேட்டா ‘ஒண்ணுமில்ல’ங்கறா. வாயே திறக்க மாட்டேங்கறா."

எதிரே உட்கார வைத்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, பூக்கட்டும்போது, வெங்காயம் உரிக்கும்போது கேளுங்கள். "ஏன் பயப்படுறே?" என்ற கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் இருக்காது. "பி.டி. பீரியட்ல ரொம்ப மோசமான நேரம் எது? வரிசையில நிக்கறதா, டீம் பிரிக்கறதா, பந்து வர்றதா, முடிஞ்சு கிளாஸுக்குத் திரும்பி வர்றதா?" என்று கூறுபோட்டுக் கேட்டால் ஒன்றைச் சுட்டிவிடும்.

நான் கேட்டுத் தெரிந்துகொண்டவரை, அடிபடும் என்று பயப்படுகிறவர்களைவிடச் சிரிப்பார்கள் என்று பயப்படுகிறவர்களே அதிகம். வகுப்பறையில் தப்பு செய்தால் அது நோட்டுக்குள் இருக்கும். மைதானத்தில் கைநழுவிய பந்தை ஐம்பது பேர் பார்க்கிறார்கள். அந்த ஐம்பது ஜோடிக் கண்கள்தான் பல பிள்ளைகளுக்கு வயிற்றுவலி.

"உடம்புல எதாவது குறை இருக்குமோ? டாக்டர்கிட்ட காட்டணுமா?"

ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. முதலில் கண். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குப் பந்து பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். பிடிக்க நேரமே இருக்காது. நாம் பயந்தாங்கொள்ளி என்போம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்து மூச்சு. ஓடினால் இருமல், நெஞ்சு இறுக்கம், ‘உய்’ என்ற சத்தம் வந்தால் ஓட்டத்தால் தூண்டப்படும் ஆஸ்துமாவாக இருக்கலாம். மருத்துவர் சொன்னபடி ஓடுவதற்கு முன்பே இன்ஹேலர் எடுத்துக்கொண்டு நன்றாக விளையாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்றாவது ரத்தசோகை, முக்கியமாக வளரிளம் பெண்களுக்கு. இரண்டு சுற்று ஓடியதும் கண் இருட்டுகிற பிள்ளைக்கு அறிவுரை எதற்கு? ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சில பிள்ளைகளுக்குக் கையும் கண்ணும் காலும் ஒத்துழைப்பது பிறவியிலேயே கடினமாக இருக்கும். பொத்தான் மாட்டுவது, ஷூ லேஸ் கட்டுவது, சைக்கிள் பழகுவது எல்லாமே தாமதமாகியிருக்கும். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயிற்சி முறையை மாற்றினால் இவர்களும் கற்றுக்கொள்வார்கள், நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

"ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடறேன் மிஸ். பி.டி. பீரியட்ல சும்மா உக்கார வச்சுடுங்களேன்."

அன்பில் கேட்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் அந்த லெட்டரை வாங்கிக்கொண்டால் நான் அந்தப் பிள்ளைக்குத் தீங்கு செய்தவள் ஆவேன். தப்பித்த அந்த நிமிடம் பிள்ளைக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியே "நான் தப்பித்ததால்தான் பிழைத்தேன்" என்று மனதுக்குக் கற்பித்துவிடும். அடுத்த வாரம் பயம் இன்னும் பெரிதாக வரும். வேப்பமரத்தடியில் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்ட பிள்ளைக்கு மற்றவர்களோடு ஒரு வருட ஆட்டப் பழக்கமும் குறைந்துபோகும்.

காய்ச்சல், அடிபட்ட கால், மருத்துவர் சொன்ன ஓய்வு என்றால் லெட்டர் கொடுங்கள். மற்றபடி "என் பிள்ளை பயப்படுகிறது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். அதுதான் எனக்கு உதவும் லெட்டர்.

"கொஞ்சம் கொஞ்சமான்னா எப்படி? எந்தப் படியில ஆரம்பிக்கறது?"

அந்த ஆறாம் வகுப்புப் பையனோடு செய்ததையே சொல்கிறேன். முதலில் அவனிடம் கேட்டு ஒரு பட்டியல் போட்டோம். கிரவுண்டில் நிற்பதற்குப் பத்துக்கு இரண்டு மார்க் பயம். ஸ்கோர் எழுதுவதற்கு மூன்று. தனியாக ஓடுவதற்கு நான்கு. ஒரே ஒரு நண்பனோடு பந்து போட்டுப் பிடிக்க ஐந்து. கோ-கோவில் கட்டத்தில் உட்கார ஏழு. கபடியில் ரெய்டு போக பத்து. பத்தும் தாண்டி, பதினொன்று என்றான்.

முதல் இரண்டு வாரம் நோட்டோடு நின்று ஸ்கோர் மட்டும் எழுதினான். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: ஸ்கோர் எழுதுகிறவன் ஆட்டத்துக்குள் இருக்கிறான், விதிகள் தானாகப் படிந்துவிடும், மற்றப் பிள்ளைகள் "டேய், எங்களுக்கு எத்தனடா?" என்று அவனிடம் வந்து கேட்டாக வேண்டும். பிறகு காலை பிரேயருக்கு முன் பத்து நிமிடம், யாரும் இல்லாத மைதானத்தில், அவனும் பக்கத்து பெஞ்சுப் பையனும் டென்னிஸ் பந்து போட்டுப் பிடித்தார்கள். வேடிக்கை பார்க்க ஆள் இல்லாதபோது கைநழுவினாலும் அவன் திரும்ப எடுத்தான். அதைப் பார்த்ததும் பயம் பந்தின் மேல் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

ஏழாவது வாரம் கோ-கோ. அதை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். அதில் பந்து கிடையாது. துரத்தும் அணியின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் மட்டும் ஓடுவார். முதுகில் தட்டி "கோ" சொன்னதும் எழுந்து நாலைந்து எட்டு ஓடினால் போதும், அடுத்தவருக்குக் கோ கொடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடலாம். எல்லோர் கண்ணும் ஒருவன் மேலேயே நிற்காது. முதல் நாள் அவன் கோ வாங்கி எழுந்து, திசை மாறி ஓடி ஃபவுல் வாங்கினான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆனால் பக்கத்தில் இருந்தவன் "மொதத் தடவ எல்லாரும் அப்படித்தான்டா" என்றான், ஆட்டம் நகர்ந்துவிட்டது. அந்த ஒரு வரி நான் கொடுத்த ஊக்கத்தை எல்லாம்விடப் பெரியது. ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாகக் குறையும்வரை நின்றோம். ஒருமுறை படி இறங்கவும் செய்தோம். அவனுக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் ஆனது.

"டீம் பிரிக்கறப்ப கடைசி வரைக்கும் என்னை யாருமே கூப்பிட மாட்டேங்கறாங்க மிஸ்." (ஏழாம் வகுப்பு மாணவி)

இது உன் தப்பில்லை கண்ணு. இது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் தப்பு. இரண்டு கேப்டன்களை நிறுத்தி, ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொல்லி, கடைசியில் இரண்டு பேரை எல்லோர் முன்னாலும் தனியாக நிற்க வைக்கும் வழக்கத்தை நானும் பல வருடம் செய்தேன்.

நம் ஊரில் இதைவிட நல்ல வழக்கம் இருந்தது. உத்தி கட்டுவது என்பார்கள். ஏறக்குறைய ஒரே திறமை உள்ள இருவர் ஜோடியாகத் தள்ளிப் போய், தோளில் கைபோட்டுக்கொண்டு ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வார்கள். திரும்பி வந்து, "மல்லியப்பூ வேணுமா, ரோசாப்பூ வேணுமா?" என்று தலைவர்களைக் கேட்பார்கள். யார் மல்லி, யார் ரோசா என்று தலைவருக்குத் தெரியாது. ஆளைப் பார்த்து எடுக்க முடியாது, பெயரைத்தான் எடுக்க முடியும். அணிகளும் சமமாக அமையும், கடைசியில் நிற்கும் பிள்ளை என்று யாரும் இருக்க மாட்டார்கள். பெயர் இல்லாத யாரோ எவ்வளவு யோசித்து இதைச் செய்திருக்கிறார்கள்! மூன்று வருடமாக என் வகுப்பில் இப்படித்தான் பிரிக்கிறோம். பெயர் யோசிப்பதற்காகவே பிள்ளைகள் ஓடி வருகிறார்கள்.

அதே ஊர் வழக்கத்தில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்பதும் இருந்தது. சின்னப் பிள்ளையை ஆட்டத்தில் சேர்த்ததுபோலச் சேர்த்து, அவுட்டும் இல்லாமல் பாயிண்டும் இல்லாமல் ஓடவிடுவது. நாலு வயதுத் தம்பிக்குச் சரி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது அவமானம். அந்தச் சொல்லே நடக்க முடியாதவர்களைக் குத்துகிறது, அதனால் என் மைதானத்தில் அதை யாரும் சொல்லக் கூடாது. சேர்த்தால் முழுதாகச் சேர்க்க வேண்டும்.

"வாலிபால் மூஞ்சியில அடிச்சதுல இருந்து எந்தப் பந்தைப் பார்த்தாலும் கண்ணை மூடிக்கறா."

கண்ணை மூடுவது உடம்பின் தற்காப்பு, திட்டி நிறுத்த முடியாது. மெதுவாக வருகிற பொருளில் ஆரம்பியுங்கள். பலூனைத் தட்டிவிட்டு விளையாடுவது, பிறகு சுருட்டிய சாக்ஸ், ஸ்பாஞ்ச் பந்து, காற்று குறைத்த வாலிபால். ஒவ்வொன்றும் தரையில் உருட்டி, பிறகு ஒருமுறை தரையில் குத்தி, பிறகு நேராக. வீட்டு வாசலிலேயே செய்யலாம். மேலே சொன்ன படிக்கணக்குதான் இங்கும்.

"நான் காலேஜ்ல கபடி பிளேயர். எம்புள்ள இப்படிப் பயப்படுறத என்னால தாங்க முடியல டீச்சர்."

உங்கள் வருத்தத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் சர்டிபிகேட்டும் கப்பும் மாட்டியிருக்கிற சுவரைத் தினமும் பார்த்துக்கொண்டு வளர்கிறான் அவன். அவனுக்கு மைதானத்தில் ஐம்பது ஜோடிக் கண்கள் என்றால், அதில் கனமான ஜோடி உங்களுடையது. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் "அந்த இடத்துல ஏன் பிடிக்காம விட்டே?" என்று கேட்பதை மட்டும் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். பரோட்டா வாங்கிக் கொடுங்கள், வேறு கதை பேசுங்கள். நீங்கள் முதல் ரெய்டில் உளறிய கதை இருந்தால் அதைச் சொல்லுங்கள். கட்டாயம் இருக்கும்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை எல்லோருக்கும் தெரியும். ஐந்து வயதில் பேருந்துச் சக்கரம் ஏறி வலது கால் சிதைந்தவர். பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த அவரை உயரம் தாண்டச் சொன்னது அவருடைய உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். பதக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. நாம் நினைத்த ஆட்டம் ஒன்று, பிள்ளையின் உடம்புக்குப் பொருந்தும் ஆட்டம் இன்னொன்றாக இருக்கலாம். உங்கள் பையனுக்கு அது கபடியாக இல்லாமல் போகலாம்.

"பெரிய மனுஷி ஆனதுல இருந்து கிரவுண்டு பக்கமே போக மாட்டேங்கறா."

ஆறாம், ஏழாம் வகுப்பில் முயல்போல ஓடிய பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் சுவரோரம் ஒதுங்குவதை வருடந்தோறும் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கிறது. முக்கால்வாசிக் காரணம் உடைதான். ஓடும்போது மார்பு அசைவதைப் பையன்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சம், கறை பட்டுவிடுமோ என்ற பயம். அம்மாக்கள் செய்ய வேண்டியது எளிது: இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று, மேலே தளர்வான டி-ஷர்ட், அடர் நிறப் பேன்ட், பையில் கூடுதலாக ஒரு நாப்கின். மாதவிடாய் நாளில் விளையாடலாமா என்றால், விளையாடலாம். லேசாக ஓடுவது பலருக்கு வலியைக் குறைக்கவும் செய்யும். அதிகம் வலித்தால் அன்று உட்காரட்டும், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, என்னைப் பார்த்துத் தலையசைத்தால் போதும்.

"வயசுக்கு வந்த பொண்ணுக்கு என்ன ஓட்டம்?" என்று வீட்டில் பாட்டி சொன்னால், நீங்கள்தான் அம்மா நடுவில் நிற்க வேண்டும்.

"பி.டி. சாரே எல்லார் முன்னாடியும் திட்டுறாரு, அதுக்கு என்ன சொல்றீங்க?"

தப்பு என்கிறேன். என் சொந்தப் பள்ளிப் பருவத்தில், உயரம் தாண்ட முடியாமல் நின்ற என்னை ஓர் ஆசிரியர் மைதானத்தைச் சுற்றி முட்டிபோட்டு வர வைத்தார். முப்பது வருடம் கழிந்தும் அந்த மண் முழங்காலில் குத்துகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. கேலி செய்து திட்டுவதும் அதில் அடங்கும்.

முதலில் ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். "பிள்ளை பயப்படுது, தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் கேட்டுக்கும்" என்றால் பெரும்பாலானோர் புரிந்துகொள்வார்கள். மாறவில்லை என்றால் தலைமை ஆசிரியர், அதன் பிறகு பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண். அடி, அல்லது தொடக் கூடாத விதத்தில் தொடுவது என்றால் யாரிடமும் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், நேராகக் குழந்தைகள் உதவி எண் 1098.

"ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு மட்டும் லீவு போட்டுக்கட்டுமா?"

வேண்டாம். லெட்டர் கேள்விக்குச் சொன்னதேதான். ஓட வேண்டியதில்லை. கோடு போட, சாக்கு எடுத்துக் கொடுக்க, கரண்டியில் எலுமிச்சம்பழம் வைக்க, வந்து நிற்கட்டும்.

"குறுவட்டப் போட்டிக்கு என்னை எடுத்துட்டாங்க. ஆனா விசில் சத்தம் கேட்டாலே கை நடுங்குது. ஜெயிக்கறவங்களுக்கும் பயம் வருமா மிஸ்?" (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

வரும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில், காற்றில் தன் உடம்பு எப்படித் திரும்பியிருக்கிறது என்ற உணர்வே தப்பிப்போய், குழு இறுதிப் போட்டியின் நடுவில் விலகினார். விலகியதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை. 2024 பாரிஸில் திரும்பி வந்து மூன்று தங்கம் வென்றார்.

நடுக்கத்தை நிறுத்தப் பார்க்காதே, அதோடு வேலை செய். நாலு எண்ணி மூச்சை உள்ளே இழு, ஆறு எண்ணி வெளியே விடு, ஐந்து தடவை. வெளிமூச்சு நீளும்போது நெஞ்சுத் துடிப்பு தணியும். வீட்டில் தினமும் பழகியிருந்தால்தான் போட்டியன்று கைகொடுக்கும். பிறகு பார்வையை ஒரு சின்ன வேலையில் வை: கால் எந்தக் கோட்டில், கை எந்த இடத்தில். "ஜெயிக்கணும்" என்பது உன் கையில் இல்லை, "முதல் மூன்று எட்டு வேகமாக வைக்கணும்" என்பது உன் கையில் இருக்கிறது.

"பயமெல்லாம் இல்ல, எனக்கு விளையாட்டே பிடிக்கலைன்னு சொல்றான். விட்டுடலாமா?"

இதுதான் சிக்கலான கேள்வி. பயமும் "பிடிக்கல" என்ற வேஷத்தில்தான் முதலில் வரும். வித்தியாசம் இப்படித் தெரியும்: நிஜமாகப் பிடிக்காத பிள்ளை பி.டி. பீரியடில் அலுத்துக்கொள்ளும், ஆனால் முதல்நாள் இரவு தூங்கும். பயப்படும் பிள்ளை தூங்காது. கொஞ்ச நாள் பயம் தெளிய வழி செய்துவிட்டு, அதன் பிறகு கேளுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் போட்டி ஆட்டங்களை விட்டுவிடலாம்.

உடலசைவை மட்டும் விடக் கூடாது. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான இயக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சைக்கிள், நீச்சல், சிலம்பம், பறையாட்டம், கும்மி எதுவானாலும் கணக்கில் சேரும். மேலே சொன்ன அந்த ஆறாம் வகுப்புப் பையன் இப்போது எட்டாம் வகுப்பு. கபடி ரெய்டு இன்றுவரை போகவில்லை, போகச் சொல்லி நானும் கேட்கவில்லை. கோ-கோ ஆடுகிறான், சாயங்காலம் சிலம்பம் போகிறான்.

"நீங்க சொன்னதெல்லாம் செஞ்சு பார்த்துட்டோம். ஒண்ணும் மாறல மிஸ்."

இரண்டு மூன்று மாதம் பொறுமையாகச் செய்தும் அசையவில்லை என்றால், அல்லது பயம் மைதானத்தைத் தாண்டி வகுப்பு, சாப்பாடு, தூக்கம் என்று பரவினால், பள்ளிக்கே போக மாட்டேன் என்றால், தன்னைத்தானே வெறுத்துப் பேசினால், மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். "செத்துப்போயிடலாம்" என்று ஒரு தடவை சொன்னாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றே. பைத்தியம் என்று ஊர் சொல்லுமோ என்று தள்ளிப்போடாதீர்கள். பல்வலிக்குப் போகிறோமே, அதுபோலத்தான்.

14416 என்ற டெலி-மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். மேலே சொன்ன கை கால் ஒத்துழைக்காத சிக்கல் இருக்குமோ என்று சந்தேகம் என்றால், அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் 18 வயது வரை பார்க்கிறார்கள். போகும்போது முதல் கேள்வியில் சொன்ன அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு வலிக்கிறது என்றுதான் அங்கேயும் முதலில் கேட்பார்கள்.